சங்கின் நடுத்தூண்



சங்கைப் பற்றித் தூத்துக்குடியில் வந்து பேசுவதென்றால் பேசுகிறவனுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. கடலடி மணலில் சங்கு ஊர்ந்து சென்ற தடத்தைக் கண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அத்தடத்தின் வழியே சென்று, பாதி புதைந்து கிடந்த அதனைக் கையால் அள்ளிக்கொண்டு மேலே வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் சங்கின் பெருமையைச் சொல்ல நான் வரவில்லை. அதை நீங்கள் அறிவீர்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. உயிர் போய், சதை போய், வெறும் ஓடாக ஒரு சங்கு நம் கைக்கு வந்து சேர்கிறது. அந்த ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இது இன்ன ஜந்து வாழ்ந்த வீடு, இன்ன கடலில் பிறந்தது என்று ஐயத்துக்கு இடமின்றி நிர்ணயிப்பது எப்படி? அதுவே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

உஷ்ணமண்டலக் கடல்களிலே ஓடு கட்டி வாழும் நத்தை வகைகள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்றே ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் கோவில்களில் முழங்குவதும், திருமாலின் கரத்தில் இருப்பதாக நாம் வணங்குவதும், மன்னார் வளைகுடாவின் செல்வமுமாகிய வெண்சங்கே அது. சாஸ்திரத்தார் அதற்கு இட்ட பெயர் டர்பினெல்லா பைரம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1767-ஆம் ஆண்டில் அதற்கு முதலில் பெயரிட்டார். பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1799-இல் அதனைத் தனிக் குலமாகப் பிரித்தார். சென்னை அரசாங்கத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் அதற்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். இந்தக் கரையிலே நின்று, இந்தக் கரையின் மக்களிடம் கேட்டு எழுதிய நூல் அது.

ஒரு சங்கை அறிவதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, பெரியோர்களே! பக்தியுள்ள ஒரு குடும்பம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, வலம்புரிச் சங்கு என்று சொல்லப்பட்ட ஒன்றை வாங்கி, வெள்ளிப் பூண் போட்டுப் பூஜையில் வைக்கிறது. அது நம் கடலில் பிறந்ததே அன்று என்று பின்னால் ஒருவர் சொல்லும்போது அந்த வீட்டார் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். விற்றவரிடம் அவர்கள் என்ன பரீட்சை கேட்டார்கள்? காதில் வைத்துப் பார்த்தார்கள், ஓங்காரம் கேட்டது. அரிசியில் வைத்துப் பார்த்தார்கள், திரும்பியதாகத் தோன்றியது. பாலில் இட்டுப் பார்த்தார்கள், திருப்தியாக இருந்தது. இவையெல்லாம் பரீட்சைகள் ஆகுமா?

ஓங்காரத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மைச் சுற்றிலும் எப்போதும் மெல்லிய ஒலிகள் உலவிக்கொண்டிருக்கின்றன. வளைந்து ஒடுங்கிய வெற்றிடம் எதுவாயினும் அவ்வொலிகளிற் சிலவற்றை மட்டும் பெருக்கிக் காதுக்குத் தருகிறது. சங்கு தருகிறது, யானைமுள்ளி என்னும் வேறு நத்தையின் ஓடு தருகிறது, வெறும் செம்பைக் காதில் கவிழ்த்தாலும் அது தருகிறது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாக இருப்பது எந்தப் பொருளுக்கும் இலட்சணம் ஆகாது. ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து பிரித்துக் காட்டுவது எதுவோ, அதுவே இலட்சணம். அப்படிப் பிரித்துக் காட்டுவது நம் சங்கிலே எங்கே இருக்கிறது?

நிறத்தில் இருக்கிறதா? இல்லை. கடலிலிருந்து எடுத்த புதிதில் நம் சங்கு வெண்மையாகவே இராது. பழுப்பு நிறமான தடித்த தோல் ஒன்று அதன்மேல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலை நீக்கித் தேய்த்த பிறகே பால்வெண்மை வெளிப்படும். இளஞ்சங்குகளில் பழுப்புப் புள்ளிகளும் காணப்படும். பளபளப்பில் இருக்கிறதா? அது மெருகிடுபவரின் கைத்திறன். அளவில் இருக்கிறதா? குஞ்சும் சங்கே, முதிர்ந்ததும் சங்கே. உருவத்தில் ஓரளவு இருக்கிறது என்று சொல்லலாம். கனத்த ஓடு, பருத்த கடைச்சுற்று, குட்டையான உச்சி, நீண்டு ஒடுங்கும் மூக்கு ஆகிய இவை கூடி அமைந்த வடிவத்தைப் பழகிய கண் தூரத்திலேயே அறிந்துகொள்ளும். ஆனால் உருவமும் அரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். தோளில் இருக்கும் முட்களை அராவிவிட்டால் வேறொரு சங்கு நம் சங்கைப் போல நடிக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? வெளியே பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். உள்ளே பாருங்கள் என்பதைவிட, உள்ளே தொடுங்கள் என்று சொல்வேன்.

இந்த ஓடு எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். சங்குப்பூச்சியின் மெல்லிய சரீரத்தின் விளிம்பில் ஒரு சதைப்போர்வை இருக்கிறது. அது கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, நாள்தோறும் வாயின் விளிம்பிலே சிறிது சிறிதாகப் படியவைத்து, பழைய வீட்டை இடிக்காமலும் விட்டு வெளியேறாமலும் அதனையே நீட்டி நீட்டி, தான் வளர வளரத் தன் வீட்டையும் வளர்த்துக்கொள்கிறது. அவ்வாறு நீளும் சுவர் ஓர் அச்சைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றுகளின் உட்புறம் ஒன்றோடொன்று இணைந்து நடுவிலே ஒரு தூணாக அமைகிறது. பூச்சியின் தசை பற்றிக்கொண்டிருப்பது அந்தத் தூணைத்தான். அபாயம் வந்தால் அது உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, கொம்புப்பொருளாலான தடித்த மூடியால் வாசலை அடைத்துக்கொள்வதும் அந்தத் தூணின் பலத்தாலேதான்.

அந்த நடுத்தூணிலே நம் சங்கின் கையொப்பம் இருக்கிறது. சங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தூணின் நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள். குறுக்காக ஓடும் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் விரலில் தட்டுப்படும். அவை மெல்லிய கோடுகள் அல்ல, ஐயத்துக்குரிய மேடுகள் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு எண்ணிச் சொல்லலாம், அவ்வளவு திட்டமானவை. அவை வாயருகில் மட்டும் இருப்பனவும் அல்ல. உச்சியிலிருந்து தூணைச் சுற்றிக்கொண்டே இறங்கி வருவன அவை. பூச்சி பிறந்தது முதல் இடைவிடாது எழுதிவந்த எழுத்து. ஆகவேதான் மூன்று மடிப்பை வாயருகில் ஒட்டவைத்து ஏமாற்ற நினைப்பவன்கூட, அந்தச் சங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது அகப்பட்டுக்கொள்வான். லின்னேயஸ் நம் சங்கை வேறு பல நத்தைகளோடு ஒரே வகுப்பில் சேர்த்தபோது, அவர் அவற்றுக்குப் பொதுவாகக் கண்ட அடையாளமும் தூணிலுள்ள மடிப்பே. பிற்கால அறிஞர்கள் அந்த வகுப்பைப் பல கூறுகளாகப் பிரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் தூணைப் பார்க்க வேண்டும் என்ற வழி மட்டும் மாறவில்லை.

இந்தக் கரையிலேயே கிடைக்கும் பிற ஓடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யானைமுள்ளியின் வாயோரம் இளஞ்சிவப்பு, அதன் உதட்டிலே ஒரு பல் உண்டு, மேலெல்லாம் கிளைத்த முட்கள், தூணோ வழவழப்பானது. ஐவிரல் சங்கின் உதடு விரல்களாகப் பிரிந்து நீண்டிருக்கும். அதை யாரும் மயங்கி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மயக்கம் தரக்கூடியது குதிரைமுள்ளி. அதன் தூணிலும் மடிப்புகள் உண்டு. ஆனால் அம்மடிப்புகள் மெலிந்தவை. தூணின் அடிப்பாகத்தில் சாய்வாக ஒதுங்கியிருப்பவை. நம் சங்கின் மடிப்புகளைப் போல நடுத்தூணிலே கம்பீரமாகக் குறுக்கிட்டு நிற்பவை அல்ல. மடிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை, எவ்விடத்தில், எவ்வளவு தடிப்பில் என்று கேட்க வேண்டும்.

இனி, வலம்புரிக்கு வருகிறேன்.

சங்கின் வாய் நம்மை நோக்கியிருக்க, மூக்கு மேலும் உச்சி கீழுமாகப் பிடித்துப் பார்ப்பது நம் மரபு. அப்போது வாய் இடப்பக்கம் திறந்தால் இடம்புரி. வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. மேனாட்டு அறிஞர்கள் உச்சியை மேலாகப் பிடித்துப் பார்ப்பவர்கள். ஆகையால் நாம் இடம்புரி என்பதை அவர்கள் வலச்சுருள் என்பார்கள், நாம் வலம்புரி என்பதை இடச்சுருள் என்பார்கள். இருவர் சொல்வதும் சரியே. பிடிக்கும் முறைதான் வேறு. நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதை மறந்தால் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கடல் நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை நாம் இடம்புரி என்னும் வழியிலேயே சுழல்கின்றன. நம் வெண்சங்கும் அப்படியே. எப்போதோ ஒருமுறை, அபூர்வத்திலும் அபூர்வமாக, அதே தாயினத்தில் மாறிச் சுழலும் ஒன்று பிறக்கிறது. அதுவே மெய்யான வலம்புரி. அது வேறு ஜாதி அன்று. நம் சங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வந்தது. அதன் தூணிலும் அதே மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும். அதே கனம் இருக்கும். சுழலும் திசை மட்டுமே வேறு. சங்ககாலப் புலவர்கள் திருமாலின் அடையாளமாக அதைப் பாடினார்கள். திருவிதாங்கூர் அரசு அதைத் தன் இலச்சினையில் பொறித்தது. திசை மாறுவது ஏன் என்பதைக் குளத்து நத்தைகளிடம் 1920-களில் ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அங்கே குஞ்சின் சுழற்சியை முடிவு செய்வது குஞ்சு பெற்றிருக்கும் மரபுக்கூறு அன்று, தாயின் மரபுக்கூறு! முட்டை முதன்முதலில் பிளவுபடும் வேளையிலேயே, தாய் வைத்த சத்தின்படி, திசை நிச்சயமாகிவிடுகிறது.

அபூர்வப் பொருளுக்கு விலை உண்டு. விலை உள்ள இடத்தில் போலியும் வந்துசேரும். அமெரிக்காவின் கீழைக் கரையோரத்திலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஒரு நத்தை வாழ்கிறது. அதன் குலத்துக்கே வலம்புரியாகச் சுழல்வது இயல்பு. அங்கே அது அபூர்வம் அன்று, சாமானியம். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் அதனைத் தன் மாநிலச் சங்காக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நாட்டில் அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. அதன்மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் நிறத்தை வெளுத்து, தோள்முட்களைத் தேய்த்து, மெருகிட்டு, இந்தியப் பெருங்கடலின் வலம்புரி என்று விற்கும்போதுதான் அநியாயம் நிகழ்கிறது. கையில் எடுத்தாலே அது நம் சங்கைவிட இலேசாக இருக்கும். வாய்க்குள் விரலை விட்டுத் தூணைத் தடவுங்கள்: வழவழவென்று இருக்கும், நம் சங்கின் தடித்த மடிப்புகள் அங்கே இரா. வாய் வலப்பக்கம் திறந்திருக்கலாம், விற்பவர் ஆயிரம் சொல்லலாம். தூண் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

படத்தை நம்பி வாங்குபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல், கீழைக் கடல்களிலிருந்து சென்ற கூம்புச் சங்கு ஒன்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அதன் நிழலும் புள்ளிகளும் அற்புதமாக அமைந்தன. ஆனால் தகட்டில் நேராகச் செதுக்கியது தாளில் இடம் வலம் மாறிப் பதியும் அல்லவா? தன் கையெழுத்தைச் சரியாக விழும்படி மாற்றிச் செதுக்கிய அந்த மகா கலைஞர், சங்கை மாற்றிச் செதுக்கவில்லை. ஆகவே அச்சில் அது இயல்புக்கு மாறாகச் சுழல்கிறது. அத்தகைய மேதையின் படமே சங்கின் திசையைப் புரட்டிவிட்டதென்றால், விளம்பரப் படத்தைப் பார்த்துத் திசையை நிச்சயிப்பது எப்படி? கூம்புச் சங்கைப் பற்றி வாய் திறந்துவிட்டதால், கடற்கரைச் சிறுவர்களுக்கு ஒரு வார்த்தை: உயிருள்ள கூம்புச் சங்கைக் கையால் எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் வாயிலிருந்து ஓர் ஈட்டி வெளிவந்து விஷத்தைச் செலுத்தும். அவற்றுள் சில வகைகள் மனிதரைக் கொன்றிருக்கின்றன. அங்கே ஓட்டை அடையாளம் காண்பது உயிரைக் காப்பதற்கே.

தூணைப் பற்றிச் சொன்னேன். உச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடு உச்சியிலிருந்து வாயை நோக்கி வளர்வதால், உச்சியின் நுனியிலே பூச்சி பிறந்தபோது இருந்த வீடு அப்படியே இருக்கிறது. நம் சங்கின் உச்சியில் அந்தக் கருச்சுருள் பருத்து, முலைக்காம்பு வடிவில் தனித்துத் தெரியும். அது ஏன் அவ்வளவு பெரிது? கடல் நத்தைகள் பலவற்றின் குஞ்சுகள் அணுவளவாகப் பிறந்து, நீரோட்டத்தில் மிதந்து, தூரதேசம் சென்று படிகின்றன. நம் சங்கின் குஞ்சு அப்படி மிதப்பதில்லை. தாய்ச்சங்கு ஆட்டுக்கிடாயின் முறுக்கிய கொம்பைப் போன்ற ஒரு முட்டைக்கூட்டை மணலில் நட்டு வைக்கிறது. அதன் அறைகளுக்குள்ளேயே குஞ்சுகள் வளர்ந்து, வலியது மெலியதைத் தின்று, ஓடு கட்டிய சிறு சங்காகவே மணலில் இறங்கி ஊர்கின்றன. பிறந்த மணலை விட்டு அவை நெடுந்தூரம் போவதில்லை. ஆகவேதான் இந்தச் சங்கு இந்தியாவையும் இலங்கையையும் சார்ந்த கடல்களோடு நின்றுவிட்டது. ஆகவேதான் மன்னார் வளைகுடாச் சங்கும் பாக்கு நீரிணைச் சங்கும் ஒரே இனமாக இருந்தும் ஒரே சாயலாக இல்லை. இங்குள்ளது சற்று நீண்டு உச்சி கூர்ந்திருக்கும். அங்குள்ளது தோள் அகன்று உச்சி மழுங்கியிருக்கும். வியாபாரிகள் இவற்றை வேறுவேறு விலையில் எடுத்தார்கள். அவர்கள் கண்ட வேறுபாட்டையே ஹார்னெல் தம் நூலில் வகைகளாகப் பிரித்து எழுதினார். சாஸ்திரம் உங்கள் கிடங்குகளிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இது.

தொட்டறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் பேச்சுக்காக அன்று. ஹீரட் வெர்மே என்னும் அறிஞர் 1946-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். பாலப்பருவத்திலேயே கண்ணொளியை முற்றும் இழந்தவர். அமெரிக்காவில் பள்ளியில் படித்தபோது அவருடைய ஆசிரியை புளோரிடாக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்த ஓடுகளைத் தடவிப் பார்த்தார். அன்று தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேரச் சென்றபோது, கண் தெரியாதவர் இத்துறையில் எப்படி ஈடுபட முடியும் என்று தயங்கியவர்கள் ஓட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். விரலால் தடவி அதன் பெயரைச் சொன்னார். பிற்காலத்தில் அவர் உலகத்தின் தலைசிறந்த சங்கியல் அறிஞர்களுள் ஒருவராகி, நண்டுகளின் கொடுக்கு வலுக்க வலுக்க நத்தைகளின் ஓடும் யுகயுகமாக எவ்வாறு தடித்துவந்தது என்பதை விளக்கினார். ஒடிந்து மீண்டும் ஒட்டிய தழும்புகளை ஓட்டின்மேல் விரலால் கண்டுபிடித்தவர் அவர். நிறமும் பளபளப்பும் அவரை ஏமாற்ற வழியே இல்லை. கண்ணுள்ள நாம் அந்த விரல்களிடம் பாடம் கேட்க வேண்டாமா?

முழுச் சங்கே வேண்டும் என்பதும் இல்லை. ஒரு துண்டு கிடைத்தாலும் போதும். சிந்துவெளி நகரங்களில் எண்ணற்ற வளையல் துண்டுகள் அகப்பட்டன. அவை எந்த ஓட்டிலிருந்து அறுக்கப்பட்டவை? அமெரிக்க அறிஞர் கெனோயர் அவற்றை நுணுகி ஆராய்ந்தார். நம் சங்கை வளையமாக அறுக்கும்போது, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு இணையும் இடம் அவ்வளையத்தில் ஒரு சிறு குறையாக வந்தே தீரும். அந்தக் குறையை மறைக்கச் சிந்துவெளிக் கைவினைஞர்கள் அவ்விடத்திலே கூரான கோணம் ஒன்றைச் செதுக்கி, அதனையே அணியாக்கிவிட்டார்கள். குஜராத்தின் கட்ச் வளைகுடாக் கரையிலுள்ள நாகேஸ்வரத்தில் அவர்களுடைய பட்டறையே அகப்பட்டது: வளையலுக்கு வெண்சங்கு, அகப்பைக்கு யானைமுள்ளி என்று அவர்கள் ஓடுகளைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தத் தொழிலாளி செய்ததும் இந்த நிர்ணயம்தான். தடித்த மடிப்புள்ள தூணை உள்ளிருந்து உடைத்தெடுத்தாலன்றி வளையல் வராது என்பதை அவன் கை அறிந்திருந்தது. அந்தத் தொழில் நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. அகநானூற்றின் 24-ஆம் பாட்டு, அரத்தால் வளை அறுக்கும் தொழிலைக் குறிப்பிடுகிறது. கொற்கை மண்ணிலும் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. பின்னாளில் இந்தத் துறையிலிருந்து கப்பலேறிய சங்குகளே வங்காளத்து மங்கையரின் கைகளில் வளையலாயின.

நேரம் ஆகிவிட்டது, ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊதுவதற்காக உச்சியை அறுத்த சங்கில் கருச்சுருள் போய்விடுகிறது. மெருகிட்ட சங்கில் தோல் போய்விடுகிறது. கடையில் வாங்கிய சங்கில் பிறந்த இடமே போய்விடுகிறது. உங்கள் வீடுகளில், தாத்தா எடுத்துவந்தது என்று பரணில் கிடக்கும் சங்குகள் எத்தனையோ இருக்கும். அவற்றைத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இடாதீர்கள். மூடி இருந்தால் பஞ்சு வைத்து வாயிலேயே பொருத்தி வையுங்கள். எந்தக் கடலடிப் பாரில், எத்தனை பாகம் ஆழத்தில், எந்த மாதத்தில் எடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிச் சங்கோடு வையுங்கள். அந்தப் பார்களின் பெயர்களை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால், அத்தகைய சங்குகளை ஒரு கண்ணாடிப் பெட்டியில் சேர்த்து, பக்கத்திலே யானைமுள்ளியையும் குதிரைமுள்ளியையும் அந்த அமெரிக்கச் சங்கையும் வைத்து, பிள்ளைகள் ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பார்க்கும்படி செய்யலாம். மேசைமேல் நான்கு ஓடுகளை வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் மாணவர்கள் முன்னே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, எது நம்முடையது என்று சொல்லலாம்.